அளந்து அறிய வேண்டியவையும் கூடி முடிவெடுக்க வேண்டியவையும்

வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விவாதங்களைப் பற்றியவை. குடியிருப்போர் கூட்டத்திலும் பள்ளியிலும் உறவினர் வீட்டிலும் எழுந்த வாக்குவாதங்களை வாசகர்கள் எழுதி, யார் பக்கம் நியாயம் என்று கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் ஐந்து கடிதங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அடுத்தடுத்துச் சிலருக்கு டிங்கி காய்ச்சல் கண்டது. குடியிருப்போர் கூட்டத்தில் வாரந்தோறும் புகை மருந்து அடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்தினார்கள். புகையால் பயனே இல்லை என்று ஓர் இளைஞர் மறுத்தார். பாக்டீரியா ஏற்றிய கொசுக்களை விடும் திட்டத்தை நம் ஊருக்கும் கேட்டுப் பெறலாம் என்று இன்னொருவர் சொன்னதும், மரபணு மாற்றிய கொசுக்களை நம் பிள்ளைகள்மீது சோதிக்கப் பார்க்கிறார்கள் என்று கூச்சல் எழுந்து கூட்டமே கலைந்துவிட்டது. இவர்களில் யார் சொன்னது சரி?

பதில்: ஒவ்வொருவர் பேச்சிலும் சரிபார்க்கக்கூடிய கூற்று ஒன்றாவது இருந்திருக்கிறது. அவற்றைக் கூட்டத்திலேயே பிரித்தெடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தால் பாதிச் சண்டை அப்போதே தீர்ந்திருக்கும்.

புகை மருந்து பறக்கும் கொசுவை மட்டுமே கொல்கிறது. முட்டையையும் நீரிலுள்ள புழுவையும் அது தொடுவதில்லை. ஏடிஸ் கொசுவின் முட்டை, நீர் வற்றிப்போன வாளியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மழை பெய்து நீர் தொட்டவுடன் பொரியும். பொரித்த புழு கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். வீட்டுக்குள் இருண்ட மூலைகளிலும் தொங்கும் துணிகளிலும் தங்குவது ஏடிஸின் வழக்கம் என்பதால், புகை அடிக்கும் நேரத்தில் நாம் கதவையும் சன்னலையும் இறுக மூடிக்கொண்டால் மருந்து தெருவோடு போய்விடுகிறது. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் கொசுக்கள் அதற்கு ஈடுகொடுக்கப் பழகிவிடும் என்பதும் பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. ஆகவே வாரந்தோறும் அடிக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலுவில்லை. அதே வேளையில், நோயாளி ஒருவர் இருக்கும் வீட்டைச் சுற்றி, கிருமியை ஏற்கெனவே சுமந்து திரியும் கொசுக்களை உடனே குறைப்பதற்குப் புகை பயன்படுகிறது. எனவே பயனே இல்லை என்ற இளைஞரின் பேச்சும் எல்லை மீறியதுதான். வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரைக் கொட்டுவதுதான் கொசுவின் வளர்ச்சிக் காலத்தோடு பொருந்துகிற வேலை. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புழு கண்டெடுக்கப்பட்ட வீட்டுக்காரருக்கு, நீதிமன்றம் போகாமல் கட்டும் அபராதமாக 500 ரிங்கிட் வரை விதிக்கப்படலாம் என்பதையும் கூட்டத்தில் யாராவது நினைவூட்டியிருக்கலாம்.

கொசு விடும் திட்டத்தைப் பற்றிய சண்டையில் இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகள் ஒன்றாகிவிட்டன. 2010 டிசம்பரில் பகாங் மாநிலத்தின் பெந்தோங் பகுதியில் விடப்பட்டவை மரபணு மாற்றப்பட்ட ஆண் ஏடிஸ் கொசுக்கள், ஏறத்தாழ 6,000. பிற்காலத்தில் சிலாங்கூரில் தொடங்கிய திட்டத்தில் விடப்பட்டவை வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் கொசுக்கள். அந்தப் பாக்டீரியா பல பூச்சியினங்களில் இயற்கையாகவே வாழ்வது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் அது இயல்பாக இல்லாததால் ஆய்வகத்தில் ஏற்றுகிறார்கள். கொசுவின் மரபணுவில் அவர்கள் கை வைப்பதில்லை. அதைச் சுமக்கும் ஆண், சுமக்காத பெண்ணோடு கூடினால் முட்டை பொரிப்பதில்லை; சுமக்கும் பெண் அதைத் தன் குஞ்சுகளுக்குக் கடத்துகிறது; கொசுவின் உடலில் டிங்கி கிருமி பெருகுவதும் தடைப்படுகிறது. நம் நாட்டின் வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரியா வகையைத் தேர்ந்தெடுத்துச் செய்த முயற்சியில், கொசு விடப்பட்ட இடங்களில் டிங்கி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாக 2019 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இந்தோனேசியாவின் யோக்யாகார்த்தாவில் வொல்பாக்கியாவின் இன்னொரு வகையைக் கொண்டு நடந்த பெரிய சோதனையில் 77 விழுக்காடு குறைந்தது என்று 2021 இல் வெளியானது.

கூச்சலிட்டவர் கொசுவைப் பற்றிச் சொன்னது தவறு என்றாலும் அவருடைய அச்சம் காரணமில்லாதது என்று சொல்ல மாட்டேன். பெந்தோங்கில் கொசு விடப்பட்ட செய்தி ஒரு மாதம் கழிந்த பிறகே மக்களுக்குத் தெரியவந்தது. அரசு சாரா அமைப்புகள் அதைக் கடுமையாகக் கண்டித்தன. நம் தெருவில் ஒன்றைச் செய்யும் முன் நம்மிடம் சொல்லுவார்களா, கோளாறு நேர்ந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்விகளுக்குக் கொசு ஆய்வில் விடை கிடைக்காது. அவை கூட்டத்தில் கேட்கப்பட வேண்டியவை. சுகாதார அலுவலகத்திடமிருந்து எழுத்தில் பதில் பெற வேண்டியவை. அடுத்த கூட்டத்துக்கு வட்டாரச் சுகாதார அதிகாரி ஒருவரை அழையுங்கள். அழைப்புக் கடிதத்திலேயே இந்தக் கேள்விகளைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: தட்டம்மைத் தடுப்பூசி போட்டால் ஆட்டிசம் வரும் என்று என் சித்தப்பா உறவினர் கூடும் இடமெல்லாம் சொல்கிறார். டாக்டர்கள் மறுத்துவிட்டார்கள் என்றேன். படித்த திமிர் என்று எல்லார் முன்னிலையிலும் ஏசிவிட்டார். இனிப் பேசாமல் இருந்துவிடலாமா?

பதில்: பேசுங்கள், ஆனால் கூட்டத்தில் வேண்டாம். டாக்டர் சொன்னார் என்பதோடு நிறுத்தினால், எந்த டாக்டர் என்ற அடுத்த வாதத்துக்கே அது வழிவிடும். அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லுங்கள். இந்தப் பேச்சு 1998 இல் இங்கிலாந்தில் 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையிலிருந்து பரவியது; அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010 இல் அதைத் திரும்பப் பெற்றது; எழுதிய மருத்துவரின் பெயரும் அதே ஆண்டு மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 650,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2019 இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்ட பிள்ளைகளுக்கும் போடாத பிள்ளைகளுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. நம் நாட்டில் 9 ஆம் மாதமும் 12 ஆம் மாதமும் இந்த ஊசி போடப்படுகிறது; ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோரின் கண்ணில் படத் தொடங்குவதும் அதையொட்டிய மாதங்களில்தான். ஊசி போட்ட பின் பிள்ளையிடம் மாற்றத்தைக் கண்ட தாய் ஊசியைச் சந்தேகிப்பது இயல்பே என்பதைச் சித்தப்பாவிடம் ஒப்புக்கொண்டு தொடங்குங்கள். அதோடு, 9 மாதம் நிரம்பாத கைக்குழந்தைகளுக்குப் பொதுவாக இந்த ஊசி கிடையாது, சுற்றியுள்ளவர்கள் போட்டுக்கொண்டால்தான் அவர்களுக்குக் காப்பு என்பதையும் சொல்லுங்கள். ஊசி போடுவோர் குறைந்தால் ஒழிந்த நோயும் திரும்பலாம்: 2000 இல் போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்ட மலேசியாவில், 2019 டிசம்பரில் சபாவில் ஒரு குழந்தைக்கு மீண்டும் போலியோ கண்டதை அவரே செய்தியில் பார்த்திருப்பார்.

கேள்வி: என் அம்மா தோட்டத்தில் பல ஆண்டுகள் புல்லுக்கு மருந்து அடித்தவர். நகங்கள் கறுத்து உதிர்ந்தன. அடிக்கடி மூக்கில் இரத்தம் வந்தது. பூச்சிமருந்துச் சட்டங்களைப் பற்றிய ஒரு கலந்துரையாடலில் இதைச் சொன்னேன். பட்டதாரி ஒருவர், தனிமனித அனுபவம் ஆதாரமாகாது என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார். அவர் சொன்னது அறிவியல் முறைப்படி சரிதானா?

பதில்: பாதிதான் சரி. அந்தப் பாதியை வைத்து உங்களை உட்கார வைத்தது தவறு.

ஒருவர் அனுபவத்தைக் கொண்டு அந்த நோய் எத்தனை பேருக்கு வந்தது என்று சொல்ல முடியாது. அதற்குப் பலரைக் கணக்கெடுக்க வேண்டும். இன்ன மருந்தால்தான் வந்தது என்றும் அதை மட்டும் வைத்து உறுதி செய்ய இயலாது. அதற்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும். ஆனால் எங்கே தேட வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை முதலில் சொல்லக்கூடியவர் முதுகில் பம்பைச் சுமந்து நடந்தவர்தான். கையுறை கொடுத்தார்களா, கொடுத்தது ஓட்டையா, உச்சி வெயிலில் முகமூடி அணிந்து மூச்சுவிட முடிந்ததா, கலக்கும்போது கையில் சிந்தினால் கழுவ அருகில் தண்ணீர் இருந்ததா என்பவற்றை ஆய்வகத்தில் இருப்பவர் அறிய மாட்டார். மருந்துப் போத்தலின் ஒட்டுத்தாளில் பாதுகாப்பு முறைகள் அச்சிட்டிருந்தன என்பதாலேயே அவை மலைக்காட்டில் கடைப்பிடிக்கப்பட்டன என்று கொள்வதும் சரிபார்க்கப்படாத கூற்றுதான்.

தோட்டங்களில் நெடுங்காலம் அடிக்கப்பட்ட பாராகுவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 முதல் உலகச் சந்தையில் விற்கப்பட்ட களைக்கொல்லி அது. விலை குறைவு, புல் விரைவில் கருகும், அடித்த சிறிது நேரத்தில் மழை பெய்தாலும் வீணாகாது என்பதால் தோட்ட நிர்வாகங்கள் அதை விரும்பின. கலக்காத மருந்து சிறிதளவு வாய்க்குள் போனாலும் நுரையீரல் தழும்பேறி உயிர் போகும். முறிவு மருந்து கிடையாது. தோலிலும் நகத்திலும் புண்ணும் சிதைவும் உண்டாக்குவது, சாரல் பட்டால் மூக்கில் இரத்தம் வருவது ஆகியவை மருத்துவ நூல்களில் பதிவானவை. ஆக உங்கள் அம்மாவிடம் கண்டவை யாரும் கேள்விப்படாதவை அல்ல. சுவீடன் 1983 இலும் சுவிட்சர்லாந்து 1989 இலும் அதைத் தடை செய்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு அளித்த அனுமதியை 2007 இல் நீதிமன்றம் ரத்து செய்தது. மலேசியா 2002 இல் தடையை அறிவித்தது. 2006 இல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1 முதல்தான் முழுமையாகத் தடை செய்தது.

இந்த மூன்று ஆண்டுகளையும் அந்தப் பட்டதாரி அன்பர் முன் வைத்திருந்தால் விவாதம் வேறு திசையில் போயிருக்கும். பாராகுவாட் கொடிய நஞ்சு என்பது 2002 இலும் தெரியும், 2006 இலும் தெரியும். இடையில் மாறியது நஞ்சைப் பற்றிய அறிவு அல்ல. சிறுதோட்டக்காரர்களின் செலவு, மாற்று மருந்தின் விலை, செம்பனை விளைச்சல் ஆகியவற்றை ஒரு தட்டிலும் மருந்து அடிக்கும் பெண்களின் உடல்நலத்தை மறு தட்டிலும் வைத்து எடைபோட்ட விதம்தான் மாறியது. நிறுக்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை அறிவியல் தீர்மானிப்பதில்லை. தோட்டப் பெண்களின் வாக்குமூலங்களை, பெண் தொழிலாளர் உரிமைக்காகப் பாடுபடும் தெனகானித்தா போன்ற அமைப்புகள் திரட்டி முன்வைத்திராவிட்டால் அந்த மறு தட்டு காலியாகவே இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்களும் ஓர் எல்லையைக் காக்க வேண்டும். பாராகுவாட்டுக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று சில ஆய்வுகள் காட்டியுள்ளன. அதுவே காரணம் என்பதில் வல்லுநர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. நகமும் மூக்கும் பற்றி உறுதியாகப் பேசுகிற குரலிலேயே இதையும் பேசிவிட்டால் முன்னது எதிராளியின் கையில் எளிதாக உடைந்துபோகும். அடுத்த முறை பேசப் போகும்போது, அம்மா வேலை செய்த ஆண்டுகள், அடித்த மருந்தின் பெயர், தோட்ட மருந்தகத்தில் டிரஸரிடம் காட்டிய குறிப்புகள் இருந்தால் அவை, உடன் வேலை செய்த பெண்கள் சொல்வது ஆகியவற்றை எழுதி எடுத்துப் போங்கள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழில்சார் நோய்களுக்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது. அந்தச் சட்டத்தை நடத்தும் சொக்சோ அலுவலகத்தில் விசாரிக்கவும் அதே குறிப்புகள் பயன்படும்.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளியில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் டிஎல்பி வகுப்பு வேண்டும் என்று கேட்ட பெற்றோரை இனத்துரோகி என்கிறார்கள், எதிர்ப்பவர்களைக் கிணற்றுத் தவளை என்கிறார்கள். இருதரப்பிலும் நண்பர்கள் இருப்பதால் வாய் திறக்கவே அச்சமாக இருக்கிறது. உங்கள் நிலைப்பாடு என்ன?

பதில்: என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன்: தொடக்கப்பள்ளியில் அறிவியலும் கணிதமும் தமிழிலேயே இருக்க வேண்டும், ஆங்கிலத்தை ஆங்கிலப் பாடத்தின் வழியாக வலுப்படுத்த வேண்டும்.

தாய்மொழியில் தொடங்கும் கல்வியை யுனெஸ்கோ 1953 ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. நம் நாடும் ஆங்கிலவழிக் கற்பித்தலை ஒருமுறை செய்து பார்த்துவிட்டது: 2003 இல் எல்லாப் பள்ளிகளிலும் தொடங்கிய அந்தக் கொள்கையைக் கைவிடும் முடிவு 2009 இல் அறிவிக்கப்பட்டு, பிறகு படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. டிஎல்பி 2016 இல் தொடங்கியது. தகுதி பெற்ற பள்ளிகளில், பெற்றோரின் இசைவோடு நடப்பது என்பதால் அதை முன்னதோடு ஒன்றாக வைப்பதும் நேர்மையாகாது. டிஎல்பியை ஆதரிக்கும் பெற்றோர் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளியை முடித்த பிள்ளை செல்லும் இடைநிலைப்பள்ளியின் பயிற்றுமொழி மலாய். டிஎல்பி எல்லா இடைநிலைப்பள்ளிகளிலும் இல்லை. ஆறு ஆண்டு ஆங்கிலத்தில் படித்த அறிவியலை முதலாம் படிவத்தில் மலாயில் தொடர வேண்டிய நிலை வரலாம் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்களா என்று கேளுங்கள். எதிர்ப்பவர்கள் சொல்லாமல் விடுவதும் உண்டு: நகர்ப்புறத்தில் வளரும் நம் பிள்ளைகள் பலரின் வீட்டுமொழி இன்று தமிழாக இல்லை. அவர்களுக்குத் தமிழ்வழி அறிவியல் எளிது என்று சோதித்துப் பார்க்காமல் சொல்லிவிட முடியாது. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021 இல் அகற்றப்பட்ட பின் ஆறாம் ஆண்டில் எல்லாப் பள்ளிகளையும் ஒப்பிட ஒரு பொதுத்தேர்வும் இல்லை. ஆகையால் எங்கள் பள்ளியில் முடிவுகள் உயர்ந்தன என்று எத்தரப்பினர் சொன்னாலும், எதைக் கொண்டு அளந்தீர்கள் என்று கேட்பது நம் கடமை.

தமிழில் அறிவியல் சிந்திக்கும் ஒரு தலைமுறை இந்நாட்டில் வேண்டுமா என்பது மதிப்பெண்ணால் தீராத கேள்வி. வேண்டும் என்று நான் கருதுகிறேன்; வேண்டாம் என்பவரைத் துரோகி என்று நான் அழைக்க மாட்டேன். பிள்ளையின் எதிர்காலத்துக்காக அஞ்சும் ஒரு தாயிடம் அந்தச் சொல்லை வீசினால், அவர் டிஎல்பியை மட்டுமல்லாமல் தமிழ்ப்பள்ளியையே விட்டுப் போவார்.

கேள்வி: இரவு 10 மணிக்கு மேல் உறுமி மேளமோ ஒலிபெருக்கியோ கூடாது என்று எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் அறிவிப்பு ஒட்டினார். எந்தக் கூட்டத்திலும் இது பேசப்படவில்லை. பிறகு அவர் வீட்டு விசேஷத்திலேயே நள்ளிரவு வரை ஒலிபெருக்கி ஒலித்தது. கேள்வி கேட்டவரை உறுப்பியத்திலிருந்து நீக்கப் போவதாகச் சொல்கிறார்கள். விதியே வேண்டாம் என்று கையெழுத்து வாங்கலாமா?

பதில்: விதி வேண்டும். விடியுமுன் பால்வெட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் கிளம்புகிறவரும், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து படுப்பவரும் அடுத்தடுத்த வீட்டில் வாழும் இடம் நம் தாமான்கள். உங்களுக்கு எதிராக நடந்தது, அந்த விதி வந்த முறையும் அது ஒருவருக்கு மட்டும் பொருந்தாமல் போனதுமே.

தோட்டத்து லயத்து வாழ்க்கையில் விதிகள் துரையிடமிருந்து எழுத்தரான கிராணிக்கும், கிராணியிடமிருந்து கங்காணிக்கும், அவரிடமிருந்து நமக்கும் வந்தன. எதிர்த்துக் கேட்டவர் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழக்க நேர்ந்த காலம் அது. தோட்டங்களைவிட்டு வெளியேறித் தாமான்களுக்கு வந்த பிறகும், தலைவர் அறிவிப்பார், மற்றவர் கடைப்பிடிப்பார் என்ற பழக்கம் நம் சங்கங்களில் ஆழமாக நிற்கிறது. பொதுவில் பயன்படுத்தும் மேய்ச்சல் நிலம், பாசனக் கால்வாய், மீன்பிடி நீர் ஆகியவற்றைச் சிற்றூர் மக்கள் தாங்களே எப்படிக் காத்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து, 2009 இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணியான எலினோர் ஆஸ்ட்ரம், நீண்ட காலம் நிலைத்த ஊர்விதிகளில் சில பொதுத்தன்மைகளைக் கண்டார். விதிக்குக் கட்டுப்படுகிறவர்களுக்கு அதை மாற்றுவதிலும் பங்கு இருந்தது. முதல் மீறலுக்குச் சிறிய கண்டிப்பும் தொடர்ந்து மீறுவோருக்குப் பெரிய தண்டனையும் இருந்தன. சச்சரவை அதிகச் செலவின்றி விரைவில் தீர்த்துக்கொள்ள ஓர் இடம் இருந்தது. உங்கள் தாமானில் இம்மூன்றும் இல்லை; முதல் கேள்விக்கே உறுப்பியம் பறிப்பு என்பது தண்டனையின் கடைசிப் படியிலிருந்து தொடங்குவதாகும்.

சங்கம் 1966 ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருந்தால் அதற்கு எழுதப்பட்ட சட்டவிதிகள் கட்டாயம் இருக்கும். செயலாளரிடம் ஒரு பிரதி கேளுங்கள். உறுப்பினரை நீக்கும் முறையும், சிறப்புப் பொதுக்கூட்டம் கேட்பதற்கு எத்தனை பேர் கையெழுத்திட வேண்டும் என்பதும் அதில் இருக்கும். விதியை ஒழிக்கக் கையெழுத்து வாங்காதீர்கள். அதை விவாதித்து நிறைவேற்றும் கூட்டத்துக்காக வாங்குங்கள். தீர்மானத்தில் நேரமும், திருமணம், கோயில் திருவிழா, துக்கம் ஆகியவற்றுக்கான விலக்கும், விலக்கு பெற அண்டை வீட்டாரிடம் எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்பதும், செயலவையினருக்கும் இது பொருந்தும் என்ற வரியும் இடம்பெறட்டும். கூட்டத்தில் தலைவரின் வீட்டு விசேஷத்தைக் குத்திக்காட்டிப் பேசத் தேவையில்லை. அந்தக் கடைசி வரியை நீங்கள் முன்மொழியும்போது, அதை எதிர்க்க விரும்புவோர் எழுந்து காரணம் சொல்லட்டும்.